வரப்போகும் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அறை

நான் பள்ளிக்கூடங்கள் வரைந்து பிழைத்தவன். ரங்கூனில் சர்க்கார் கட்டட ஆபீசில் படம் வரைகிற வேலை. மாகாணத்தில் எந்த மூலையில் பள்ளிக்கூடம் கட்டுவதானாலும் அதன் பிளான் என் மேஜைக்கு வந்துதான் போகும். வெளிச்சம் பிள்ளைகளின் இடது தோளுக்கு மேலாக விழவேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிற கையின் நிழல் எழுத்தை மறைக்கும். தென்மேற்கு மழை எந்தச் சுவரை அறையும், கக்கூஸ் காற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கவேண்டும், தாழ்வாரம் எவ்வளவு அகலம் இருந்தால் பிள்ளைகள் நனையாமல் நிற்கலாம், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் வரைந்த பள்ளிக்கூடம் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புவதோடு சரி. அங்கே ஏதாவது ஒரு பிள்ளை படிக்கிறதா, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

குடியிருந்தது ரங்கூனின் ஆற்றங்கரைப் பகுதியான அலோனில், ஒரு மரக்கிடங்குக்கு மேல் இருந்த அறை. ஜன்னலைத் திறந்தால் ஆறு, ஜெட்டி, நெல் மூட்டை, அக்கரையில் டாலா என்கிற ஊர். தனியாக இருந்தேன். அதைச் சொன்னால் ரங்கூனில் யாரும் இரக்கப்பட மாட்டார்கள், ஏனென்றால் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த ஆண்கள் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, தங்கள் வேட்டியைத் தாங்களே துவைத்துக்கொள்கிற ஊர் அது. எங்கள் தெருவில் எப்போதாவது ஒரு தமிழ்க் குழந்தை அழுதால் கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அதட்டுவதற்கு இல்லை, சும்மா கேட்பதற்கு.

என் மனைவியை வரச்சொல்லிக் கேட்காமல் இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் சரக்கு சரிபார்க்கிற வேலையில் இருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் என் அறைக்கு வந்து வீட்டுச் செய்தி சொல்லிவிட்டுப் போவார். என் மனைவி பேசுகிற மாதிரியே பேசிக்காட்டுவார், அதற்காகவே அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

"இப்பிடிச் சொல்லச் சொன்னாங்க, கேட்டுக்குங்க" என்று ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆம்பளைங்க மட்டும் இருக்கிற ஊருக்குப் பொட்டப்புள்ளையக் கூட்டியாந்து ரூமுக்குள்ள பூட்டி வச்சா வளக்க முடியும்? இங்க அவ பள்ளிக்கூடம் போறா, வாசிக்கிறா. அங்க நம்ம பாஷையில பொட்டப்புள்ளைங்க படிக்க ஒரு பள்ளிக்கூடம் உண்டுன்னு சொல்லுங்க, அடுத்த கப்பல்ல ஏறிடறேன். இவ்வளவுதான்."

மகளுக்கு அப்போது எட்டு வயது. நான் கப்பலேறியபோது என் தோளில் உட்கார்ந்து வந்து வழியனுப்பியவள். மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடம் வரைகிறவனிடம், உன் மகளுக்கு ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கப்பல்காரருக்கு இன்னொரு கோப்பை லப்பேயே ஊற்றிக் கொடுத்தேன். பர்மியர்கள் தேநீரை அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் அலோன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் என் அறைப் படியேறி வந்தார். வாத்தியார்களைக் கூப்பிடுகிற பர்மிய வழக்கப்படி எல்லோரும் அவரைச் சயா என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் ஒரு வாடகைக் கொட்டகையில் நடந்தது. தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் வாத்தியார் வாயசைப்பதுதான் தெரியும், சத்தம் கேட்காது. புதிதாகக் கட்ட இடம் பார்த்திருக்கிறார்கள், கமிட்டியில் கட்டடம் தெரிந்தவர் யாரும் இல்லை, நீங்கள் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

பிற்காலத்தில் மேடையில் என் பொதுநலத்தைப் புகழ்ந்தார்கள். அதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவதற்கு ஓர் இடம் கிடைத்தது, அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள், அதற்காகப் போனேன்.

கமிட்டித் தலைவர் துணிக்கடை முதலாளி. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம், பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் கடை மாடியில்தான் கூட்டம். ஜெட்டியில் கூலியாட்களைச் சேர்த்து வேலை வாங்குகிற மேஸ்திரி ஒருவர், சயா, இன்னும் இரண்டொரு கடைக்காரர்கள். கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிற பழக்கம் அங்கே கிடையாது. பேச வேண்டியதைப் பேசிய பிறகு முதலாளி வெற்றிலைத் தட்டை நகர்த்துவார். அது கைமாறி ஒரு சுற்று வரும். எல்லோரும் வெற்றிலை எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. யாராவது எடுக்காமல் நகர்த்தினால் முடியவில்லை, அடுத்த ஞாயிறு மறுபடியும் பேசவேண்டும். ஆனால் அப்படி யாரும் எடுக்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை என்று சயா சொன்னார். ஒருவர் வீட்டு வெற்றிலையை மறுப்பதாவது!

முதல் சில வாரங்கள் எனக்கு ராஜ மரியாதை. அவர்கள் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் திறந்த முற்றம், சுற்றி வகுப்பு, தரையோடு தரையாகத் தளம். அச்சு அசல் தஞ்சாவூர் வீடு.

"முற்றம் எதற்கு?" என்றேன்.

"காத்து வர வேணாமா? நம்ம பக்கம் அப்பிடித்தானே கட்டுவோம்?" என்றார் முதலாளி.

"நம்ம பக்கத்தில் வருஷத்துக்குப் பத்து நாள் மழை. இங்கே கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் உள்ளே கொட்டினால் மழைக்காலம் முழுக்க அது குளம். பிள்ளைகளுக்குப் பாடத்துக்குப் பதில் தூண்டில் கொடுக்கலாம். இந்த ஊர்க்காரர்களைப் பாருங்கள், மரக்கால் நட்டு அதன்மேல் அல்லவா வீடு கட்டுகிறார்கள்? அவர்கள் என்ன பைத்தியமா?"

முதலாளி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தட்டு சுற்றி வந்தது, முற்றம் போயிற்று, தரை உயர்ந்தது. அன்றிலிருந்து என்னை எஞ்சினீயர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் எஞ்சினீயர் இல்லை என்று ஒரு தடவை சொன்னேன், கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். பிடித்துத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்கு ஒரு தனி அறையும் தனிக் கக்கூசும் வேண்டும் என்றேன். அதோடு ஜெட்டிப் பக்கம் இரண்டாவதாக ஒரு வாசலும்.

சயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளே இல்லையே, சார். அண்ணன்களோடு வருகிற ரெண்டு சின்னதுகள். அதுகளும் நிலையாக வருவதில்லை."

"இல்லாத புள்ளைங்களுக்கு எதுக்கு ரூமு?" என்றார் முதலாளி. கேள்வி நியாயமானதுதான்.

என் தொழிலில் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகளை மட்டும் கணக்கில் வைத்துக் கட்டினால், கட்டி முடித்த அன்றே அது பழைய கட்டடம். வராத பிள்ளை யார், ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் கோடு போடவேண்டும். இடமில்லாததால் வரவில்லை, வராததால் இடம் போடவில்லை என்று சுற்றிக்கொண்டே இருந்தால் எப்போதுதான் வரும்? செலவு இருக்கிறதே என்று ஒரு கடைக்காரர் முனகினார். முதலாளி தட்டை நகர்த்தினார், பெண்கள் அறை இல்லாத பிளானுக்கு.

தட்டு என்னிடம் வந்தது. தளிர் வெற்றிலை, மணக்கிற சீவல். எனக்கு வெற்றிலை என்றால் உயிர். அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறும் நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. எஞ்சினீயர் என்ற பட்டம் மெல்ல உதிர்ந்து, மறுபடியும் சார் ஆனேன். என் நாற்காலி இருந்தது, ஆனால் பக்கத்து நாற்காலிகள் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தன. வழியில் பார்த்தால் கூப்பிட்டுப் பேசுகிற மேஸ்திரி, குடையைச் சாய்த்துக்கொண்டு போனார். போக ஓர் இடமில்லாமல் இருந்ததைவிட, போன இடத்தில் வேண்டாதவனாக உட்கார்ந்திருப்பது எனக்கு அதிகமாக வலித்தது. கமிட்டியிலிருந்து விலகிவிடலாம் என்றுகூட நினைத்தேன். விலகினால் தட்டு சுற்றி முடிந்துவிடும், என் மகள் வரமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஆபீசில் வரைகிற பள்ளிக்கூடங்களுக்கு என்னால் செய்யமுடியாத ஒரு காரியத்தை இதற்குச் செய்ய முடிந்தது. பிள்ளை நடக்கிற வழியில் நடந்து பார்ப்பது. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில், கூலிக் குடியிருப்பிலிருந்து ஜெட்டிவரை போனேன். பாதி வழியில் மேஸ்திரி வந்து சேர்ந்துகொண்டார். என்னைச் சமாதானப்படுத்தி வழிக்குக் கொண்டுவரும்படி முதலாளி அனுப்பியிருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏன்யா இந்த வம்பு? ஒரு வெத்தலையப் போட்டுட்டுப் போங்களேன்" என்றார்.

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவர்கள் வந்தார்கள். மழைக்குக் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் சோற்றுத் தூக்கோடு, ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், கிடங்கு முனையில் வேறொரு கூட்டம். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் ஜெட்டியில் இருக்கிற அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிற பெண் பிள்ளைகள். இத்தனை பேர் அலோனில் இருப்பது எனக்கே தெரியாது.

மேஸ்திரி ஒருத்தியைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, பள்ளிக்கூடம் வர்றியா?"

"சோறு யாரு கொண்டுபோவா?" என்றாள், நிற்காமல்.

"சோத்தக் குடுத்துட்டுத் திரும்பி வர்றது!"

"உள்ள விடமாட்டாக. நேரமாச்சுன்னு வாத்தியாரு கேட்டைச் சாத்திப்புடுவாரு." தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மேஸ்திரி அவள் ஓடிய திசையையே பார்த்துக்கொண்டு நடந்தார். "எங் கண்ணு முன்னாலதான் தெனமும் வருதுக. நான் சோத்துச் சட்டியத்தான் பாத்திருக்கேன் போல" என்றார். சோறு கொடுத்துவிட்டு நேரம் கழித்து வருகிறவர்கள் நேராக நுழைய ஜெட்டிப் பக்கம் ஒரு வாசல் எதற்கு என்று அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு மேஸ்திரி என் பக்கம் பேசினார். வாசலுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அறைக்கு முதலாளி அசையவில்லை.

"தாழ்வாரத்துல ஒக்காரட்டும். இருக்கிற புள்ளைங்களுக்கு அது போதும். தம்பி, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, யாருக்காக இந்தப் பிடிவாதம்?"

பொதுவாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தாழ்வாரம் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. "என் மகளுக்காக" என்றேன். "ஊரில் இருக்கிறாள். இங்கே படிக்க இடம் இருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வருவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் உட்காரவைக்க அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள். நானாக இருந்தாலும் அனுப்பமாட்டேன்."

சொன்னபிறகு வெட்கமாகிவிட்டது. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன வயசு?" என்றார் முதலாளி.

"எட்டு."

"எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒம்பது." அவருடைய பெரிய குரல் எங்கோ போயிருந்தது. "போன தடவ போனப்ப, யாரும்மா வந்திருக்கிறதுன்னு அவ உம்மாகிட்ட கேட்டுச்சு. என்னையப் பாத்து."

சயாவுக்கு ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள். மேஸ்திரி தன் மகளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், தொட்டிலில். வருஷக்கணக்காக வாராவாரம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள், உனக்குப் பிள்ளை உண்டா என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டுமே என்ற பயம்தான். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

முதலாளி தட்டை நகர்த்தவில்லை. தானே ஒரு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து என் கையில் வைத்தார். "போடுங்க எஞ்சினீயரே" என்றார். போட்டேன். இத்தனை வாரம் காத்திருந்த வெற்றிலை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுண்ணாம்பு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெஞ்சு எவ்வளவு உயரம் என்று கேள்வி வந்தபோது ஆபீசில் இருந்த அளவுப் பட்டியலை நான் தொடவில்லை. அது யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளந்து எழுதியது, நம் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும். மகளின் முழங்கால் உயரத்தை அளந்து அனுப்பும்படி கப்பல்காரரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நடைக்கு ஒரு நூல் வந்தது. தரையிலிருந்து முழங்கால்வரை, அங்கே ஒரு முடிச்சு. "அளக்கும்போது கூசுதுன்னு ஒரே சிரிப்பு. நிக்கவே மாட்டேன்னுட்டுது" என்றார். அந்தச் சிரிப்பை மட்டும் அவரால் செய்துகாட்ட முடியவில்லை.

சீனத் தச்சர் ஒருவர் அந்த நூலைப் பிடித்து, பெண்கள் அறைக்கான பெஞ்சுகளை முதலிலேயே செய்து முடித்துவிட்டார். அவற்றைக் கீழே மரக்கிடங்கில் அடுக்கிவைத்து, ஒன்றை மட்டும் சரிபார்க்க என்று என் அறைக்கு ஏற்றிக்கொண்டேன். சரிபார்த்தபிறகும் கீழே இறக்கவில்லை. ஆபீசிலிருந்து வந்தால் அது ஜன்னலோரம் இருக்கும். அதன்மேல் எதையும் வைக்கமாட்டேன், நனைந்த குடையைக்கூட.

கட்டடம் எழும்பவில்லை. இடத்துக்காரர் தகராறு ஒரு மழைக்காலத்தைத் தின்றது. ஆற்றங்கரை மண் அஸ்திவாரத்தை இழுத்துக்கொண்டதில் இன்னும் இரண்டு வருஷம் போயிற்று. "இந்த வருஷம் முடிந்துவிடும்" என்று ஒவ்வொரு கப்பலிலும் சொல்லி அனுப்பினேன். "சரியாம்" என்று பதில் வரும். ஓடு வேய்ந்துகொண்டிருந்தபோது கப்பல்காரர் வந்தார். பெஞ்சில் உட்காரப் போனவர், ஏனோ உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். இந்தத் தடவை என் மனைவியைப் போலப் பேசிக்காட்டவில்லை.

"பொண்ணு பெரியவளாயிட்டா. நல்லபடியாத் தண்ணி ஊத்தியாச்சு. இனிமே கப்பலேத்தறதில்லன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. மாமன் வீட்லயே பேசி முடிச்சாச்சு. ஒங்களுக்குச் சந்தோஷமான சேதிதான்னு சொல்லச் சொன்னாங்க."

சந்தோஷமான செய்திதான். அவருக்கு லப்பேயே போட்டுக் கொடுத்தேன். அவர் போனபிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இடத்துக்காரர்மேல், மழைமேல், வளர்ந்துவிட்ட அந்தப் பெண்மேல்கூட. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, ஓடுதானே பாக்கி? கோபம் அடங்கியதும் அறை மிகப் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சொன்னேன். முதலாளியின் மகளுக்கும் நிக்காஹ் பேசியாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. சயா நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பார்க்கிறவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்படியானால்... அந்த அறையை மேல்வகுப்புப் பையன்களுக்கு வைத்துக்கொள்ளலாமே. நெருக்கடி தீரும்."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. முதலாளி தட்டை நகர்த்தினார்.

மேஸ்திரி அதைத் தொடாமல் தள்ளினார். அடுத்தவர் தள்ளினார். செலவைப் பற்றி முனகினாரே, அந்தக் கடைக்காரரும் தள்ளினார். என்னிடம் வந்தது, நானும் தள்ளினேன். சயா தன்முன் வந்து நின்ற தட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட அவரே எடுக்கவில்லை. தட்டு முழுசாக முதலாளியிடம் திரும்பிப் போயிற்று. அவர் அதைத் துணியால் மூடிவைத்தார்.

திறப்பு நாளன்று காலையில் என் அறையிலிருந்த பெஞ்சை நானும் தச்சருமாக இறக்கிக்கொண்டு போனோம். பெண்கள் அறையில் அதற்கென்று ஓர் இடம் காலியாக இருந்தது, ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் இடப்பக்கமாக விழும்படி. ஜெட்டி வாசல் வழியாக அவர்கள் வந்தார்கள். நான் நினைத்ததைவிடக் குறைவு, சயா நினைத்ததைவிட அதிகம். தாழ்வாரத்தில் சோற்றுத் தூக்குகள் வைக்கவென்று நான் போட்டிருந்த பலகையில் தூக்குகள் வரிசையாக உட்கார்ந்தன.

கடைசியாக ஒருத்தி வந்தாள். தலை ஈரம், எண்ணெய் இல்லை. மற்ற பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. நான் பிடித்துக்கொண்டு நின்ற பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது யாரு எடம்?" என்றாள்.

பெஞ்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"ஒன் எடம்தாம்மா. ஒக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படிந்திருந்தன.